டான்சிங் இன் யுவர் ஹெட்

டான்சிங் இன் யுவர் ஹெட், அமெரிக்க ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் (1930–2015) 1977-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு. மின்கிதார்களையும் ஃபங்க் தாளத்தையும் கொண்டு அவர் அமைத்த குழு இசைத்தட்டில் முதலில் ஒலித்தது இதில்தான். இக்குழு பின்னர் பிரைம் டைம் எனப் பெயர் பெற்றது.

1959-இல் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் கோல்மன் வாசித்தபோது ஜாஸ் ரசிகர்கள் இரு கட்சியாயினர். பாடலின் கார்டு வரிசைக்குக் கட்டுப்படாமல் மெட்டின் போக்கிலேயே கற்பனையை வளர்ப்பது அவர் முறை. அத்தகையவர் மின்கருவிகளை நாடியது பலருக்கு வியப்பு. மைல்ஸ் டேவிஸின் பிட்சஸ் புரூ (1970) வந்த பிறகு மின்கருவியைத் தொட்ட ஜாஸ் கலைஞர்கள் சந்தைக்கு விலைபோனதாகப் பழிக்கப்பட்டனர். கோல்மனுக்கு அந்தப் பழி பொருந்தாது. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்த அவர், இளமையில் ரிதம் அண்ட் புளூஸ் குழுக்களில் ஆட்டத்துக்கு வாசித்தவர். மேலும், இத்தொகுப்பு எளிதில் விற்கக்கூடிய இசையும் அல்ல.

தொகுப்பின் பெரும்பகுதி 'தீம் ஃபிரம் எ சிம்பொனி' என்ற ஒரே மெட்டின் இரு வடிவங்கள். முதலாவது மட்டும் 15 நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. லண்டன் சிம்பொனி இசைக்குழுவுடன் கோல்மன் பதிவுசெய்த ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்காவில் (1972) வந்த மெட்டுதான் அது. குழந்தைப் பாட்டைப் போன்ற அந்தச் சிறு மெட்டு விடாமல் திரும்பத் திரும்ப வர, பெர்ன் நிக்ஸ், சார்லி எல்லர்பி ஆகியோரின் கிதார்கள் பின்னணியாக ஒதுங்காமல் தனித்தனி வழியில் செல்கின்றன. ஜமாலதீன் தகுமாவின் பேஸ் கிதாரும் தனி மெட்டு பாடுகிறது. ரொனால்டு ஷானன் ஜாக்சனின் டிரம்ஸ்தான் கேட்பவரின் காலை ஆடவைக்கிறது. மெட்டு, ஒத்திசைவு, தாளம் மூன்றுக்கும் சம இடம் தரும் இம்முறையைக் கோல்மன் ஹார்மோலோடிக்ஸ் என்றார். முதல்முறை கேட்பவருக்கு இது இரைச்சலாகவே படும். யாராவது ஒருவரின் வாசிப்பை மட்டும் பின்தொடர்ந்தால் மற்றவை மெல்லப் பிடிபடும்.

'மிட்நைட் சன்ரைஸ்' என்ற சிறு பகுதி, 1973-இல் மொராக்கோவின் ஜஜூகா கிராமத்தில் அவ்வூர் இசைக்கலைஞர்களுடன் பதிவானது. இசை விமர்சகர் ராபர்ட் பால்மர் அதில் கிளாரினெட் வாசித்தார். ஊதுகருவிகள் கூட்டமாகப் பல அடுக்குகளில் ஓயாமல் முழங்கும் அவ்விசையைக் கேட்டபின், மின்குழுவின் நெரிசலான ஒலி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

இதே குழுவின் பாடி மெட்டா 1978-இல் வெளிவந்தது. ஜாக்சனும் தகுமாவும் பின்னர் சொந்தக் குழுக்களை நடத்தி, இந்த மின்சார ஃபங்க் பாணியை 1980-களுக்குக் கொண்டுசென்றனர்.