தூக்கணாங்குருவியும் சாலிம் அலியும்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த ஏரிக்கரைப் பனைகளில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளுள் பாதியிலேயே விடப்பட்டவையும் உண்டு. பெடை அடைகாக்கையில் ஆண் அமர்ந்திருக்கக் கட்டியவை அவை என்பது பழைய விளக்கம். அதனை எவரும் பொறுமையாகச் சோதித்ததாகத் தெரியவில்லை. பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பதப்படுத்தி ஆராய்வதே அக்கால வழக்கம்.

பெர்லினில் பறவையியல் பயின்று திரும்பியும் வேலையின்றி இருந்த சாலிம் அலி (1896–1987), 1930இல் பம்பாய்க்கு அருகே கிஹிம் கடற்கரைச் சிற்றூரில் தங்கினார். வீட்டருகே இக்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. ஏணியின் மேல் மறைப்பு அமைத்து, அதனுள் ஒடுங்கி அமர்ந்து, மழைக்கால மாதங்களில் நாள்தோறும் குறிப்பெடுத்தார். பறவைகளையும் சமுதாயங்களாகப் பேசும் இறைவசனத்தை (6:38) ஓதுவோர்க்கு இம்முறை அந்நியமன்று.

அவர் கண்டது இது: ஆண் பாதிக் கூட்டை முடைந்து நிறுத்தும், பெடை உட்புகுந்து சோதிக்கும். அது ஏற்றால்தான் வாயிற்குழல் வரை வேலை முடியும். பின்னர் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெடையை எதிர்நோக்கும். 1931இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழ் இதனை வெளியிட்டது. நம் ஏரிக்கரையில் ஆடும் அரைக்கூடும் ஏதோவொரு பெடை மறுத்துச் சென்றதாகவே இருக்கலாம்.