தாமரைத் தண்டும் ஈயக் குண்டும்

ஈயத்தை உருக்கப் பெரிய உலைக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. 327 டிகிரி சூடு போதும். விறகடுப்பில் ஓர் இரும்புக் கரண்டியை வைத்தாலே கட்டி நெகிழ்ந்து மினுமினுவென்று ஓடத் தொடங்கிவிடும். அதனால் துப்பாக்கி வந்த நாளிலிருந்தே குண்டு வார்ப்பது வீட்டு வேலையாக இருந்தது. துப்பாக்கி செய்து கொடுத்தவர், அதன் குழலுக்கு ஏற்ற அச்சு ஒன்றையும் கூடவே கொடுத்தார். பாக்குவெட்டி போல இரண்டு கைப்பிடி, நுனியில் இரண்டு அரைவட்டக் குழிகள், மேலே ஒரு துளை. மூடிப் பிடித்து ஈயத்தை ஊற்றி, சற்றுப் பொறுத்துத் திறந்தால் உருண்டை விழும். ஊற்றிய இடத்தில் நிற்கும் வாலை நறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. அச்சு ஆறிக் கிடந்தால் குண்டு சுருக்கம் சுருக்கமாக வந்தது. அதனால் முதலில் விழும் சிலவற்றை மறுபடி கரண்டியிலேயே போட்டார்கள். குழியில் மெழுகுவர்த்திப் புகையைக் காட்டிக் கரி படியவைத்தால் ஈயம் சுலபமாகக் கழன்றது. வசதி உள்ளவர்களிடம் பித்தளை அச்சும் இரும்பு அச்சும் இருந்தன. இல்லாதவர்கள் மாக்கல்லைக் குடைந்து அச்சாக்கிக்கொண்டார்கள். வார்ப்பதில் யாருக்கும் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் அந்தக் குண்டைக் குழலுக்குள் இறக்கும்போதுதான் தொடங்கியது.

பிரிட்டிஷ் படையின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் முக்கால் அங்குல அகலம். அதில் போட்ட குண்டோ 0.69 அங்குலம்தான். வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. சண்டையில் நிமிடத்துக்கு மூன்று முறை சுட வேண்டும் என்றால் குண்டு தடங்கல் இல்லாமல் உருண்டு உள்ளே போக வேண்டும். ஆனால் வெடிமருந்தின் புகையும் அதே இடைவெளி வழியாகத் தப்பித்தது. குண்டு குழலின் சுவர்களில் மாறி மாறி இடித்துக்கொண்டு, கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்குத் தக்கபடி பறந்தது. நூறு கஜத்துக்கு அப்பால் குறி பார்ப்பது வீண்வேலை.

இதற்கு மாற்று, உட்சுவரில் திருகுவரிகள் வெட்டிய ரைஃபிள். அதன் குண்டு சுழன்றுகொண்டே நேராகப் போகும். ஆனால் வரிகளைப் பற்றிச் சுழல வேண்டுமானால் குண்டு இறுக்கமாக இருந்தாக வேண்டும். கொழுப்பு தடவிய துணித்துண்டில் சுற்றி மேலிருந்து குத்தி இறக்கினார்கள். 1800இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த ‘பேக்கர்’ ரைஃபிளோடு, குண்டைத் தட்டி இறக்க ஒரு மரச் சுத்தியலையும் முதலில் சேர்த்தே கொடுத்தார்கள் என்றால் பாடு புரியும். எதிரி ஓடி வருகிறான், சிப்பாய் சுத்தியலால் தட்டிக்கொண்டிருக்கிறான்! உள்ளே போகும்போது சிறிதாகவும் வெளியே வரும்போது பெரிதாகவும் இருக்கிற குண்டு ஒன்று வேண்டும். ஐரோப்பாவில் துப்பாக்கி செய்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த இந்த விடுகதைக்கு விடை, தென்னிந்தியாவில் ஒரு மூங்கில் குழலுக்குள் கிடந்தது.

1823ஆம் ஆண்டு. பிரிட்டிஷ் 34ஆம் காலாட்படையோடு தென்னிந்தியாவில் இருந்தார் கேப்டன் ஜான் நார்ட்டன். இங்கே வேட்டைக்குப் போனவர்கள் சுங்குத்தான் என்கிற ஊதுகுழலில் சிறு அம்பைச் செருகி, மூச்சை அடக்கி ஒரே ஊதாக ஊதிப் பறவைகளை அடித்தார்கள். சாதாரண அதிகாரியாக இருந்திருந்தால் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பார். நார்ட்டன் அம்பைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். அதன் அடிப்பாகம் தாமரைத் தண்டின் தக்கையால் ஆனது. செருகும்போது வழுக்கிக்கொண்டு போன அந்தத் தக்கை, பின்னாலிருந்து மூச்சு தாக்கியதும் உப்பிக் குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டது. துளிக் காற்றுகூட வீணாகவில்லை. துப்பாக்கி வரலாற்று நூல்களில் இந்தச் சம்பவம் ஒன்றிரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் ஒரு தனி அத்தியாயமே கொடுக்கலாம்.

தக்கைக்குப் பதிலாக ஈயம், மூச்சுக்குப் பதிலாக வெடிமருந்து. நார்ட்டன் கூம்பு முனையும் குழிந்த அடியும் கொண்ட ஒரு குண்டை உருவாக்கினார். மருந்து வெடித்ததும் குழியின் விளிம்பு விரிந்து வரிகளைப் பற்றிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் லண்டனில் இருந்த தளவாட வாரியம் அதை ஏற்கவில்லை. 1835இல் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கி வல்லுநர் அடியில் ஓர் ஆப்பை வைத்து இன்னொரு குண்டைக் கொண்டுவந்தார். டைன்மவுத்தில் படைவீரர்களை வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. அப்படியும், ‘ஒரு குண்டுக்கு இரண்டு உறுப்புகளா?’ என்று தள்ளிவிட்டார்கள். யோசனை கால்வாயைத் தாண்டி பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது.

அங்கே தெல்வீன், தூவனேன், தமிசியே என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்ந்தார்கள். இவர்களில் தமிசியே செய்த ஒரு சின்ன வேலையை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். குண்டு காற்றில் தலைகுப்புறக் கவிழாமல் இருக்க, அதன் இடுப்பைச் சுற்றிச் சில பள்ளங்களை வெட்டினார். காற்றுக்காக வெட்டிய பள்ளம் அது. 1849இல் கேப்டன் மினியே குழிந்த அடியில் ஓர் இரும்புக் கிண்ணத்தைச் செருகினார். வெடித்ததும் கிண்ணம் முன்னால் பாய்ந்து ஈயத்தை விரித்தது. கையிலிருந்ததை வேண்டாம் என்று தள்ளிய அதே பிரிட்டிஷ் அரசு, இப்போது மினியேவுக்கு 20,000 பவுண்டு எண்ணிக் கொடுத்தது. கிரீனர் விடாமல் மனுப் போட்டு, கடைசியில் 1,000 பவுண்டு வாங்கினார். அவருக்குப் பணம் கிடைத்த ஆண்டு 1857. அதே ஆண்டில் அந்தக் குண்டுக்குப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் கொடுத்த விலை வேறு.

குழிந்த குண்டுக்குப் பழைய பாக்குவெட்டி அச்சு உதவவில்லை. அடியில் குழி விழ, அச்சுக்குள் மூன்றாவதாக ஒரு முளை வேண்டியிருந்தது. முளை கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்தாலும் குண்டின் ஒரு விளிம்பு தடித்து, இன்னொன்று மெலிந்தது. அப்படிப்பட்ட குண்டு பழைய உருண்டையைவிட மோசமாகப் பறந்தது. வூல்விச் தொழிற்சாலையில் ஈயக் கம்பியை நறுக்கி அழுத்தும் இயந்திரங்கள் வந்தன. அச்சுச் சிக்கல் இப்படித் தீர்ந்தது. அடுத்தது பூச்சு.

வெடிமருந்துக் கரி குழலில் படியப் படிய, நாலாவது ஐந்தாவது குண்டு இறங்க மறுத்தது. 1853இல் உருவான ‘என்ஃபீல்டு’ ரைஃபிளின் தோட்டா ஒரு காகிதச் சுருள். ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொட்டிவிட்டு, குண்டு முனையைக் காகிதத்தோடு உள்ளே தள்ள வேண்டும். வழுக்கிக்கொண்டு போக, குண்டு முனையில் மட்டும் கொழுப்புப் பூசியிருந்தார்கள். இந்திய வெயிலில் கொழுப்பு தாங்குமா என்று பார்க்கத் தோட்டாக்களை 1853இல் இங்கே அனுப்பினார்கள். அப்போதே கர்னல் டக்கர் என்ற அதிகாரி, சாதி மதத்துக்கு விரோதமில்லாத பூச்சு என்று உறுதியாகத் தெரியாமல் இதை இந்தியச் சிப்பாய்களிடம் கொடுக்க வேண்டாம் என்று எழுதினார். அந்தக் கடிதம் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மதராஸ் ராஜதானிக்கு இது பழைய பாடம். 1806 ஜூலையில் தலைப்பாகையில் தோல் வைத்ததற்காக வேலூர்க் கோட்டை ரத்தக்களமாகியிருந்தது. ஐம்பது ஆண்டுகளில் மறந்துவிட்டார்கள்.

1857 ஜனவரியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் தம்தம் ஆயுதக் கிடங்கில் விஷயம் வெடித்தது. பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் கிடங்குத் தொழிலாளி குடிக்கத் தண்ணீர்ச் சொம்பு கேட்டார். சாதியைச் சொல்லி மறுத்ததும், ‘பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைக் கடிக்கப் போகிறீர்கள், அப்புறம் உங்கள் சாதி எங்கே?’ என்று கேட்டுவிட்டார். கொழுப்பு எந்த மிருகத்தினுடையது என்று கவனித்து வாங்கவில்லை என்பதை அதிகாரிகளே பிறகு ஒப்புக்கொண்டார்கள். அவசர அவசரமாக உத்தரவு பறந்தது: தோட்டாக்கள் பூச்சில்லாமல் வரும், சிப்பாய்கள் கடைத்தெருவில் விரும்பியதை வாங்கித் தாங்களே பூசிக்கொள்ளலாம். அம்பாலா பயிற்சி முகாமில் அவர்கள் தேர்ந்தெடுத்தது நெய்யும் தேன்மெழுகும்.

ஏன் இரண்டும்? வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்கழியில் மணல் மணலாக உறையும் அதே நெய், சித்திரையில் தூக்குப்போசியில் எண்ணெயாக நிற்கும். வெறும் நெய்யைத் தடவினால் தோட்டாப் பையிலேயே உருகிக் காகிதத்தை ஊறவைத்து மருந்தைக் கெடுத்துவிடும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆனால் தனியாக இருந்தால் கெட்டி. துப்பாக்கிக் கரியை இளக்க வழுக்கல் போதாது. நெய் வழுக்க, மெழுகு பிடித்து நிறுத்தியது. கோவில் பிரசாதத்துக்கு ஆகிற நெய். அதில் குறை சொல்ல யாராலும் முடியாது. சிக்கல் தீர்ந்தது என்றுதான் முகாமில் நினைத்தார்கள்.

தீரவில்லை. மார்ச் மாதம் அம்பாலாவில் அந்தத் தோட்டாவைத் தொட்ட சிப்பாய்களைச் சொந்தப் பட்டாளத்தினரே கிறிஸ்தவன் ஆகிவிட்டாய் என்று ஒதுக்கி, பந்தியிலிருந்து விலக்கினார்கள். வதந்தி கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. அதன் பளபளப்பிலும் கொழுப்பு இருப்பதாகப் பேச்சு. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று நீட்டப்பட்டவை புதிய என்ஃபீல்டு தோட்டாக்களே அல்ல, அவர்கள் பல காலம் பயன்படுத்திய பழைய ரகம். அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மே 10 அன்று மீரட் பற்றி எரிந்தது.

கொழுப்பின் கதையும் அதோடு முடிந்தது, ஆனால் சிப்பாய்களின் கோபத்தால் மட்டும் அல்ல. விலங்குக் கொழுப்பில் உள்ள அமிலம் ஈயத்தை அரித்து, குண்டின் மேல் வெள்ளைப் படலம் கட்டியது. அளவு பெருத்த குண்டு குழலில் சிக்கியது. அந்தக் குறையைச் சரிசெய்ய, அடுத்த சில ஆண்டுகளில் என்ஃபீல்டு குண்டை இன்னும் சன்னமாக்கி, பூச்சையும் தேன்மெழுகுக்கு மாற்றிவிட்டார்கள். அம்பாலா சிப்பாய்கள் கேட்டதில் பாதி! 1860களில் உலோகத் தோட்டா வந்ததும் காகிதமும் கடிப்பதும் போயின. மெழுகை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது, தமிசியே காற்றுக்காக வெட்டிய பள்ளங்கள் கைகொடுத்தன. அவற்றில் மெழுகை நிரப்பினார்கள்.

பிறகு புகையில்லா மருந்து வந்தது. நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை தொடங்கப்பட்டதே அந்தக் கார்டைட் மருந்துக்காகத்தான். அதன் சூட்டையும் வேகத்தையும் மென்மையான ஈயம் தாங்காமல் குழலில் அப்பிக்கொண்டதால், குண்டுக்கு உலோகச் சட்டை மாட்டினார்கள். ராணுவத்தில் மெழுகுக்கு வேலை போயிற்று. அமெரிக்காவில் இன்றும் பொழுதுபோக்காக வீட்டில் குண்டு வார்க்கிறவர்கள், இரும்பு அச்சா அலுமினிய அச்சா, தேன்மெழுகில் எதைக் கலப்பது என்று அதே பழைய வாதங்களை விடாமல் நடத்துகிறார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் சிறை. ஆகவே நார்ட்டன் கண்ட தக்கை, அது பிறந்த மண்ணில் காணாமல் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. ஊத்துக்குளியில் கதித்தமலைத் தைப்பூசத்துக்குத் தேர்க்கடை போடும்போது பலூன் சுடும் பலகையும் ஒரு மூலையில் வந்துவிடும். பனியன் கம்பெனிப் பையன்கள் பந்தயம் கட்டிச் சுடுவார்கள். கடைக்காரர் துப்பாக்கியை மடக்கி, கட்டைவிரலால் ஒரு துணுக்கை அழுத்திச் செருகிக் கொடுப்பார். 4.5 மில்லிமீட்டர் ஈயம். நடுவில் ஒடுங்கிய இடுப்பு, பின்பக்கம் குழிந்த மெல்லிய பாவாடை. சுருள்வில் விடுபட்டு உலக்கை காற்றை நெருக்கியதும் அந்தப் பாவாடை விரிந்து குழலின் வரிகளைப் பற்றிக்கொள்கிறது. வெடிமருந்து இல்லை. ஊதுகுழலில் இருந்ததைப் போல வெறும் காற்றுதான்; தாமரைத் தக்கையின் இடத்தில் மட்டும் ஈயம். நெய்யோ மெழுகோ எதுவும் அதற்குத் தேவையில்லை. மாறாக, துரு பிடிக்காமல் இருக்கட்டும் என்று யாராவது காற்றறைக்குள் எண்ணெய் விட்டுவிட்டால், நெருங்கிச் சூடேறிய காற்றில் அது தீப்பற்றி டப்பென்று வெடிக்கும். கடைக்காரர்கள் எண்ணெய்த் துணியை வெளிக்குழலோடு நிறுத்திக்கொள்வது அதனால்தான்.