பாயோடு ஒட்டிய பறங்கியர்

மட்டக்களப்புக்குப் போனவன் திரும்பி வரமாட்டான், அங்குள்ளவர்கள் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. உத்தியோகம் பார்க்கவும் வியாபாரம் செய்யவும் கிழக்கே சென்ற பலர் அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டதனால் எழுந்த கதை இது. மந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் வாவியின் ஓரத்தில் வளரும் பன்னைக் கொய்து, காயவைத்து, சாயமேற்றி, வீட்டுப் பெண்கள் கையால் இழைத்த பாயை விரித்து, அதில் உட்காரச் சொல்லி, எருமைத் தயிரும் சோறும் வைத்தால் எழுந்துபோக மனம் வராது என்பதை மட்டும் அனுபவத்தில் அறிவேன்.

அப்படிப் பாயோடு ஒட்டிக்கொண்டவர்களுள் மிகத் தொலைவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களைப் பற்றியே இக்கட்டுரை. மட்டக்களப்புப் பறங்கியர் என்று நாம் அழைக்கும் அந்தச் சிறிய சமூகத்தை நமது வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அவர்களின் கதையில் இன்று உலகெங்கும் பரந்து வாழும் தமிழருக்குப் பயன்படக்கூடிய பாடம் ஒன்று இருக்கிறது.

முதலில் காலக்கணக்கைப் பார்ப்போம். புளியந்தீவில் வாவியை நோக்கி நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638இல். ஆக, மட்டக்களப்பில் போர்த்துக்கேயக் கொடி பறந்த காலம் பத்தே ஆண்டுகள். 1658இல் யாழ்ப்பாணமும் வீழ்ந்தபின் இலங்கையில் அவர்களுடைய ஆட்சி முற்றாக மறைந்தது. ஒல்லாந்தரும் 1796இல் போயினர். ஆங்கிலேயரும் 1948இல் போயினர். பத்தாண்டு ஆட்சி செய்தவர்களின் மொழியோ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் மட்டக்களப்பு வீடுகளில் பேசப்பட்டு வந்தது. இது எப்படிச் சாத்தியமாயிற்று?

ஒரு பகுதி விடை ஒல்லாந்தர் காலத்திலேயே கிடைக்கிறது. போர்த்துக்கேயரை விரட்டிய ஒல்லாந்தரால் அவர்களது மொழியை விரட்ட முடியவில்லை. இந்து சமுத்திரத் துறைமுகங்கள் எங்கும் கடைத்தெருவிலும் கப்பலிலும் வழங்கிய பொதுமொழி அது. ஒல்லாந்த உத்தியோகத்தர்கள் மணந்த பெண்களின் மொழியும் அதுவே. அப்பா அலுவலகத்தில் டச்சு பேசினார். வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் போர்த்துக்கேயக் கலப்புமொழியில் பேசினார்கள். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான குடும்பங்கள் ஒரே கத்தோலிக்க சமூகமாக நாளடைவில் ஒன்றுபட்டன. மட்டக்களப்புப் பறங்கியரிடையே ஒல்லாந்தக் குடும்பப் பெயர்களும் காணப்படுவது இதனால்தான்.

மீதி விடையைப் பட்டறையிலும் வீட்டு விறாந்தையிலுமே தேட வேண்டும்.

மட்டக்களப்புப் பறங்கியரிடம் வயல் இல்லை. வாவியின் மேற்கே படுவான்கரையில் விரிந்து கிடக்கும் நெல்வயல்கள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியவை. பறங்கியரிடம் இருந்தது கைத்திறன். தச்சுவேலை, இரும்புவேலை, சப்பாத்துத் தைத்தல், தையல் ஆகியனவே அவர்களது தொழில்கள். தகப்பனிடமிருந்து மகன் உளியையும் வாளையும் ஏற்றான்.

அவர்களுடைய முன்னோரின் தொழிலுக்கும் நமது மொழிக்கும் உள்ள உறவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, யன்னல் யாவும் போர்த்துக்கேயச் சொற்களிலிருந்து வந்தவை. கொல்லனின் அலவாங்கு, தையற்காரரின் பொத்தானும் கழிசானும் ரேந்தையும், செருப்புத் தொழிலாளியின் சப்பாத்து, குசினியில் உள்ள தாச்சி, பாண் சுடும் போறணை, ஏன், அந்தப் பாணும்கூட அங்கிருந்து வந்தவையே. தமிழகத்தார் 'நாற்காலி' என்பதை நாம் 'கதிரை' என்கிறோம். நாம் 'திறப்பு' என்பதை அவர்கள் 'சாவி' என்கிறார்கள். கதிரையும் சாவியும் இரண்டுமே போர்த்துக்கேயம். கடலின் இரு கரையிலும் தமிழர் ஆளுக்கொரு சொல்லை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பொருளைச் செய்தவன் இட்ட பெயரே பொருளோடு நமது வீட்டுக்குள் வந்தது.

மட்டக்களப்பில் இதற்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம். அங்கே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமரபு வலிமையானது. மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு குடும்பமும் வீடு கட்ட வேண்டும். கதவும் யன்னலும் கட்டிலும் அலுமாரியும் செய்விக்க வேண்டும். இத்தகைய சமுதாயத்தில் நல்ல தச்சனுக்கு வேலை ஓய்வதில்லை.

ஆனால் கைவேலைக்கு மதிப்பு வேறு, மரியாதை வேறு. ஆங்கிலேயர் காலத்தில் கொழும்பில் ஆங்கிலம் கற்று வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் எழுதுவினைஞராகவும் உயர்ந்த பறங்கியர் தம்மை ஒல்லாந்த வம்சத்தினர் என்று பிரித்துக் காட்டினர். 1908இல் அவர்கள் அமைத்த ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தில் சேரத் தந்தைவழி ஐரோப்பிய வம்சாவளியைக் காட்ட வேண்டியிருந்தது. கையால் தொழில் செய்த போர்த்துக்கேயப் பறங்கியரை அக்காலத்தார் 'மெக்கானிக்' என்று குறிப்பிட்டனர். அச்சொல்லின் பொருள் கைத்தொழிலாளி. சொன்ன தொனியோ இளக்காரம். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 1982இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே இந்தச் சொல்லை வைத்து அவ்வரலாற்றை விளக்கியிருக்கிறார்.

காலம் செய்த வேடிக்கையைப் பாருங்கள். ஒல்லாந்த வம்சம் என்று பெருமை பேசிய கொழும்புக் குடும்பங்களின் வீட்டுமொழி ஆங்கிலமாயிற்று. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்திற்குப் பின் அவர்களிற் பெரும்பாலோர் அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். 'மெக்கானிக்' என்று தள்ளிவைக்கப்பட்ட மட்டக்களப்புத் தச்சர்களின் வீடுகளிலேதான் மூதாதையரின் மொழி உயிரோடு இருந்தது.

அந்த மொழி எங்கே வாழ்ந்தது என்று பார்த்தால், பள்ளிக்கூடத்தில் இல்லை. மெதடிஸ்த மிஷனரியான றொபேட் நியூஸ்டெட் 1826இல் புதிய ஏற்பாட்டை இலங்கைப் போர்த்துக்கேயத்தில் பெயர்த்து அச்சிட்டார் என்றாலும், அது கற்பிக்கும் மொழியாகவில்லை. மட்டக்களப்புப் பறங்கிப் பிள்ளைகள் படித்தது தமிழிலும் ஆங்கிலத்திலும். அயலாரோடு பேசியது தமிழில். அவர்களது தாய்மொழிக்கு எஞ்சிய இடம் குசினியும் பட்டறையும் திருநாள் கூடமும்தான்.

திருநாள் என்றால் முதலில் நத்தார். மட்டக்களப்பில் மார்கழி மாதம் மாரிமழைக் காலம். வாவி நிரம்பி வயலும் தெருவும் தண்ணீராய்க் கிடக்கும். வெளியே பந்தல் போட்டுக் கொண்டாடும் பருவம் இல்லை; கொண்டாட்டம் வீட்டுக்குள்தான். கடையில் வாங்கிக் கொடுக்கப் பெரும் பணம் இல்லாத வீடுகளில் அன்பளிப்பு கைகளிலிருந்தே வரவேண்டும். தைக்கத் தெரிந்த வீட்டில் பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை. உளி பிடிக்கத் தெரிந்த வீட்டில் மிச்சப் பலகையில் ஒரு முக்காலியோ விளையாட்டுப் பொருளோ. கைத்தொழிற் குடும்பத்துக்குப் பண்டிகை என்பது மற்றவர்களுக்காகச் செய்ததைத் தமக்காகவும் ஒருமுறை செய்துகொள்ளும் நாள்.

இலங்கைப் பறங்கியர் யாவருக்கும் பொதுவான பலகாரம் 'லவ் கேக்'. ரவை, முட்டை, தேன், மரமுந்திரிப் பருப்பு, ஏலம், சாதிக்காய், பன்னீர் சேர்த்துச் செய்வது. பெயர் ஆங்கிலம், முட்டையும் பருப்பும் சேர்ந்த இனிப்பு போர்த்துக்கேய மரபு, வாசனைத் திரவியங்கள் நம்முடையவை. மரமுந்திரிகையோ போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து, கிழக்கின் மணல் நிலத்தில் வேரூன்றிய மரம். ஒரு துண்டு கேக்கில் மூன்று கண்டங்களின் சரித்திரம் இருக்கிறது. நத்தாருக்கு அயல் வீட்டுக்குப் போன தட்டம், சித்திரைப் புத்தாண்டில் பலகாரத்தோடும் நோன்புப் பெருநாளில் வட்டிலப்பத்தோடும் திரும்பி வருவது நம் ஊர்களின் பழைய நாகரிகம். வெறுந்தட்டத்தைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது எந்த மதநூலிலும் எழுதப்படாத விதி.

சாப்பாட்டிற்குப் பின் பாட்டு. வயலினும் கிற்றாரும் மேளமும் சேர 'கஃபிரிஞ்ஞா' ஆட்டம் தொடங்கும். ஆபிரிக்கரிடமிருந்தும் போர்த்துக்கேயரிடமிருந்தும் பிறந்த இசை அது. வொலி பஸ்ரியன் சிங்களத்தில் பிரபலப்படுத்திய பைலாவுக்கும், அதன் வழியே ஏ. ஈ. மனோகரன் தமிழுலகெங்கும் கொண்டுசென்ற 'சுராங்கனி'க்கும் மூதாதை இந்தக் கஃபிரிஞ்ஞாவே. ஆணும் பெண்ணும் நாலடிப் பாட்டுக்களால் ஒருவரையொருவர் சீண்டிப் பாடுவதும் அவர்களிடையே உண்டு. மட்டக்களப்புத் தமிழ், முஸ்லிம் கிராமங்களில் காதலரும் மச்சான் மச்சினிமாரும் பாடிய நாலடிக் 'கவி'களை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. ஒரே வாவியின் கரையில் வெவ்வேறு மொழிகள் ஒரே விதமாகக் கேலி பேசின.

இந்தப் பாட்டுக்களை முதலில் பதிவுசெய்தவர்களுள் ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில். அவர் சேகரித்த கையெழுத்துப் பிரதிகள் இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. கோவாவைச் சேர்ந்த மொழியறிஞர் டல்காதோ 1900இல் இம்மொழியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1970களில் மட்டக்களப்பில் ஆய்வு செய்த மொழியியலாளர் இயன் சிமித் கண்டுபிடித்தது நமக்குப் பெருமிதம் தரக்கூடியது. சொற்கள் போர்த்துக்கேயமாக இருந்தாலும் வாக்கிய அமைப்புத் தமிழாகியிருந்தது. வினைச்சொல் தமிழிற்போல வாக்கியத்தின் இறுதிக்குப் போயிருந்தது. 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதுபோல அவர்களும் சொன்னார்கள். அயலாரின் மொழி அவர்களது மொழியை அழிக்கவில்லை; அதன் எலும்புக்கூட்டுக்குள் புகுந்து குடியிருந்தது. அவர்கள் கொடுத்த கதிரைக்கும் மேசைக்கும் நாம் கொடுத்த விலை இலக்கணம் என்று சொல்லலாம்.

பின்னர் வந்த காலம் கொடியது. 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்தது. 1983க்குப் பின் போர் வந்தது. பட்டறைகளுக்கு வேலை குறைந்தது; இயன்றவர்கள் வெளிநாடு சென்றனர். எஞ்சியவர்களில் பலர் கல்லடிக்கு அப்பால், வாவிக்கும் கடலுக்கும் இடையே உள்ள டச்பாரில் வாழ்ந்தனர். 2004 நத்தாரை அங்கே கொண்டாடினார்கள். மறுநாள் டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் வந்தது. டச்பாரில் பறங்கியர் நூற்றுக்கும் அதிகமானோர் ஒரே காலையில் மாண்டனர். பெரிய சமூகங்களில் இத்தொகை ஒரு துயரச் செய்தி. சில ஆயிரம் பேரே உள்ள சமூகத்தில், அதுவும் மொழி சில குடும்பங்களில் மட்டுமே தங்கியிருந்த நிலையில், அது ஒரு நூலகம் எரிந்ததற்குச் சமம். தப்பியவர்கள் கரையைவிட்டு வெவ்வேறு இடங்களில் குடியேறினர். அடுத்தடுத்த வீடுகளாக இருந்து ஒரு பாட்டுக்குக் கூடிய வாழ்க்கை கலைந்தது.

2010களின் பிற்பாதியில் லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஊகோ கார்டோசோ தலைமையிலான குழுவினர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இம்மொழியைப் பேசுவோரின் பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒலி, ஒளிப்பதிவுகளாக ஆவணப்படுத்தினர். மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் இருக்கிறது. கல்யாண வீட்டில் கஃபிரிஞ்ஞா இன்னும் ஆடப்படுகிறது. மொழியைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்கள்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வரும் கடிதங்களில் அடிக்கடி ஒரு கவலையைக் காண்கிறேன். பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை. சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பியும் பயனில்லை. இரண்டு தலைமுறையில் எல்லாம் போய்விடும் என்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்தத் தச்சர்களின் கதையைத்தான். அரசு இல்லாமல், பள்ளிக்கூடம் இல்லாமல், ஏளனத்துக்கு மத்தியில், பத்துப் பன்னிரண்டு தலைமுறை அவர்கள் தமது மொழியைக் காத்தார்கள். பிள்ளைக்கு உளியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மொழியும், மாவு பிசையும்போது ஏவிய மொழியும், பண்டிகை இரவில் கேலிப்பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய மொழியும் ஒன்றாகவே இருந்ததனால் அது நிலைத்தது. வேலையும் விளையாட்டும் அந்த மொழியில் நடந்த வரைக்கும் அதற்கு வகுப்பு தேவைப்படவில்லை. பட்டறை மூடப்பட்டு, கூடம் கலைந்தபோதே அது தளர்ந்தது.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒஸ்லோவிலோ வருகிற தைப்பொங்கலுக்குக் கோலம் போடும்போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பலகாரம் சுடும்போது 'தாச்சியை எடு' என்று தமிழிலேயே சொல்லுங்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதையும் அப்படியே சொல்லி வையுங்கள்.