சமூக ஆய்வில் குறியீடிடலும் விளக்கப் புள்ளியியலும்: காரைக்கால் கரையிலிருந்து ஒரு வரலாறு

குறியீடிடல் என்பது கணக்கெடுப்பில் மக்கள் சொல்லும் விடைகளை எண்ணிப் பார்க்கத்தக்க வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண்ணையோ எழுத்தையோ கொடுக்கும் வேலை. எந்த விடைக்கு எந்த எண் என்று வகுத்துவைக்கும் ஏடு குறியீட்டு நூல். இப்படித் திரண்ட எண்களை விழுக்காடு, சராசரி, இடைநிலை அளவு, முகடு, வீச்சு, திட்ட விலக்கம் முதலியவற்றால் சுருக்கிக் காட்டுவது விளக்கப் புள்ளியியல். பாடநூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. நடைமுறையில் அவற்றைப் பிரிக்க முடியாது. குறியீட்டு நூலில் இடமில்லாத ஆள் எந்தச் சராசரியிலும் வரமாட்டார்.

காரைக்கால் மாவட்டத்தின் கடலோர மீனவ ஊர்களில் ஒன்றான கருக்களாச்சேரியில் மீன்பிடித்து வாழும் ஒருவரை இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எந்த வகையில் எழுதியது என்று பின்தொடர்ந்தாலே இந்த வரலாற்றின் பெரும்பகுதி விளங்கிவிடும். 1961-இல் உழைப்பவர்கள் ஒன்பது வகைகளாகப் பிரிக்கப்பட்டனர். மூன்றாம் வகையில் சுரங்கம், கல்லுடைப்பு, கால்நடை, காடு, வேட்டை, தோட்டப்பயிர் ஆகியவற்றோடு மீன்பிடியும் இருந்தது. 1971-இல் சுரங்கமும் கல்லுடைப்பும் தனி வகையாகப் பிரிந்தன. மீன்பிடி மூன்றாம் வகையிலேயே நின்றது. 2001-இல் ஊர்வாரி அடிப்படை அட்டவணையில் வகைகள் நான்காகச் சுருங்கின: பயிரிடுவோர், வேளாண் கூலிகள், வீட்டுத்தொழிலில் ஈடுபடுவோர், பிற தொழிலாளர். அன்று முதல் மீனவர் ‘பிற தொழிலாளர்’. ஆசிரியர், வங்கி ஊழியர், பேருந்து ஓட்டுநர், கடைக்காரர் எல்லோரும் அவரோடு அதே கட்டத்தில்தான் இருக்கிறார்கள். 2011-இலும் இதே நிலை. கடலை நம்பி வாழும் ஓர் ஊரின் தொழிலை அந்த ஊரின் அட்டவணையைப் பார்த்து அறிய முடியாமல் போனது, என் மதிப்பில், இந்தியக் கணக்கெடுப்பின் பெரிய இழப்புகளில் ஒன்று.

சென்னை மாகாணத்தின் முதல் முறையான கணக்கெடுப்பு 1871-இல் நடந்தது. அதன் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் சுற்றியிருந்த தஞ்சாவூர் மாவட்டம் எண்ணப்பட்டபோது அது சேர்க்கப்படவில்லை. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகு, 1961 கணக்கெடுப்பில்தான் காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரிக்கென்று தனித் தொகுதி வெளியானது.

கணினிக்கு முந்தைய குறியீடிடல் கைவேலை. 1901-இல் இந்தியக் கணக்கெடுப்பு துண்டுச்சீட்டு முறையை ஏற்றது. 1871-இல் பவேரியக் கணக்கெடுப்புக்காக கியோர்க் ஃபான் மையர் வகுத்த முறை அது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீட்டு. சீட்டின் நிறம் மதத்தைக் குறித்தது. அதில் அச்சிட்ட அடையாளங்கள் ஆணா பெண்ணா, மணமானவரா என்பதைக் குறித்தன. நூற்றுக்கணக்கான எழுத்தர்கள் அவற்றைப் புறாக்கூண்டு போன்ற அறைகளில் பிரித்துப் போட்டு, கட்டுக்கட்டாக எண்ணினர். எண்களுக்கு முன்பு நிறமே குறியீடாக இருந்தது. அமெரிக்காவில் ஹெர்மன் ஹாலரித்தின் துளையட்டைப் பொறி 1890 கணக்கெடுப்பிலேயே வந்துவிட்டபோதும், கூலி மலிவாகவும் ஆட்கள் பலராகவும் இருந்த இங்கே சீட்டுப் பிரிப்பு பல பத்தாண்டுகள் நிலைத்தது. படிவத்தைப் படமெடுத்து எழுத்தைத் தானே படித்துக்கொள்ளும் பொறிகள் 2001-இல்தான் வந்தன.

அரசுக்கு வெளியே ஊராய்வைத் தொடங்கியவர் கில்பர்ட் ஸ்லேட்டர். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்த அவர், 1916-இல் மாணவர்களை அவரவர் அறிந்த ஊர்களுக்கு வினாப்பட்டியலோடு அனுப்பினார். அறிக்கைகள் 1918-இல் நூலாக வந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, இராமநாதபுரத்து வடமலைபுரம், நெல்லையின் கங்கைகொண்டான், வடார்க்காட்டு தூசி ஆகியவற்றோடு தஞ்சைக் கழிமுகத்தின் பாலக்குறிச்சியும் அவற்றில் உண்டு. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் இவ்வூர்களை மறுபடி ஆய்ந்து 1940-இல் வெளியிட்டனர். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் இருவேல்பட்டு உள்ளிட்ட ஊர்களுக்கு மீண்டும் சென்றனர். மறு ஆய்வு ஒவ்வொன்றும் குறியீட்டு நூலுக்கு ஒரு தேர்வு. முன்னவர் ‘குத்தகைதாரர்’ என்று எழுதியதும் பின்னவர் அப்படி எழுதுவதும் ஒரே உறவையா என்று தெரியாவிட்டால், இரண்டு விழுக்காடுகளையும் அருகருகே வைப்பதில் பொருளில்லை. இவை எல்லாம் நிலத்தைச் சுற்றிய ஆய்வுகள். கழிமுகத்தின் கடலோரம் நெடுங்காலம் ஆய்வாளர் பார்வைக்கு வெளியே கிடந்தது.

பி. சி. மகலனோபிஸின் முயற்சியால் 1950 அக்டோபரில் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, குறியீடிடலை நாடு முழுவதற்குமான ஒழுங்காக்கியது. ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் தனித்தனியே எடுத்து, இரண்டின் விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் முறையை அவர் வங்கச் சணல் கணக்கெடுப்பிலேயே கையாண்டிருந்தார். இரண்டு குறியீட்டாளர் தற்செயலைத் தாண்டி எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்பதற்கு ஜேக்கப் கோயன் 1960-இல் கொடுத்த கப்பா அளவை இந்தக் கவலையின் மற்றொரு வடிவம்.

மாதிரிக் கணக்கெடுப்பின் வேலைநிலைக் குறியீடுகள் இன்று ஆய்வு மாணவர்களுக்கு மனப்பாடம். 11 என்றால் சொந்தமாகத் தொழில் செய்பவர், 21 குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவுபவர், 31 மாதச் சம்பளக்காரர், 51 அன்றாடக் கூலி, 91 மாணவர், 92 வீட்டுவேலை மட்டும் செய்பவர், 93 வீட்டுவேலையோடு விறகு, தீவனம் போன்றவற்றைச் சேகரிப்பவர். கருக்களாச்சேரி போன்ற ஊரில் கணவர் கொண்டுவந்த மீனைத் தரம் பிரித்து, மிஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்கும் பெண்ணிடம் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், பெரும்பாலும் ‘வீட்டுலதான் இருக்கேன்’ என்றே விடை வரும். கேட்பவர் 92 போட்டுவிட்டு நகர்ந்தால் அவர் உழைப்போர் கணக்கிலேயே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் அவர் 21. பெண்களின் உழைப்புப் பங்கேற்பு விகிதம் பற்றிய நாடளாவிய விவாதத்தின் ஒரு பகுதி, வாசற்படியில் நின்று போடப்படும் இந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது.

தொழில் வகைப்பாட்டிலும் இதே சிதறல். 2008-ஆம் ஆண்டின் தேசியத் தொழில்துறை வகைப்பாட்டில் கடலுக்குப் போகும் ஆண் 03-ஆம் பிரிவில் (மீன்பிடியும் மீன் வளர்ப்பும்) வருகிறார். விற்பதற்காகக் கருவாடு போடும் மாமியார் 10-ஆம் பிரிவில் (உணவுப்பொருள் உற்பத்தி), கூடையில் மீன் விற்கும் மருமகள் 47-ஆம் பிரிவில் (சில்லறை வணிகம்). ஒரே வலையில் வந்த மீனை நம்பி ஒரே அடுப்பில் சமைக்கும் மூவர் மூன்று துறைகளில் எண்ணப்படுகிறார்கள். வகைப்பாட்டின் நோக்கத்துக்கு அது சரிதான். ஆனால் மீன்வளம் குன்றினால் யார் யார் வாழ்வு குன்றும் என்று கேட்பவருக்கு, குடும்பத்தை ஓர் அலகாக வைத்திருக்கும் தரவு வேறாக வேண்டும்.

அலகு எது என்பதும் குறியீட்டு முடிவே. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குடும்பம் என்றால் பொதுச் சமையலில் உண்டு ஒன்றாக வசிப்போர். சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கோ தலைக்கட்டுதான் கணக்கு: கோயில் வரி கொடுப்பதும் ஊர்ப் பங்கு பெறுவதும் தலைக்கட்டு வாரியாக. பெற்றோரோடு ஒரே கூரையின்கீழ் இருக்கும் மணமான இரண்டு பிள்ளைகள் அரசுக்கு ஒரே குடும்பமாகவும் ஊருக்குத் தனித்தனித் தலைக்கட்டுகளாகவும் இருக்கலாம். கணவனை இழந்து தனியே வாழும் பெண்ணுக்கு இது தலைகீழாகவும் ஆகலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமும் வீடும் பங்கிடப்பட்ட வேளையில், இந்தக் கரை நெடுகிலும் எந்தப் பட்டியல் சரி என்பது வாழ்வாதாரக் கேள்வியானது.

மீனவரை மீனவராகவே எண்ணும் வேலையை 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கடல்மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகிறது. அதன் 2005, 2010, 2016 கணக்கெடுப்புகள் ஊர் ஊராகச் சென்று எடுக்கப்பட்டவை. நாடு முழுவதும் 2005-இல் 3,202 கடல்மீனவ ஊர்களில் 7.56 லட்சம் குடும்பங்கள். 2010-இல் 3,288 ஊர்களில் 8.64 லட்சம், 2016-இல் 3,477 ஊர்களில் 8.93 லட்சம். குடும்பங்கள் பெருகியும் மக்கள்தொகை 2010-இல் ஏறக்குறைய 40 லட்சமாக இருந்தது, 2016-இல் 37.7 லட்சமானது. சராசரிக் குடும்ப அளவு 4.6-இலிருந்து 4.2-ஆகக் குறைந்ததே காரணம். ஒரு சராசரி தன் வேலையைச் சரியாகச் செய்யும் இடம் இது. குடும்ப அளவு எல்லாரிடத்தும் சிறிய எண். ஒருசில பெரிய குடும்பங்கள் அதை அதிகம் இழுத்துவிட முடியாது.

கலங்களை இக்கணக்கெடுப்புகள் மூன்றாகப் பிரிக்கின்றன: விசைப்படகு, வெளிப்பொருத்து இயந்திரம் வைத்தது, இயந்திரமில்லாதது. 2005-இல் இயந்திரமில்லாதவை 1,04,270. ஐந்தே ஆண்டில் அவை 50,618 ஆயின. கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகுகள் வந்த கதை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. ‘இயந்திரம் உண்டா, இல்லையா’ என்ற இரட்டைக் குறியீடு மட்டும் இருந்திருந்தால், ஆழ்கடலில் இழுவலை போடும் படகும் கரையோரம் செவுள்வலை விடும் ஃபைபர் படகும் ஒன்றாகிப் போயிருக்கும். அந்த இரண்டு தரப்புக்கும் இடையே கடலில் நடக்கும் பூசல் எந்த அட்டவணையிலும் தெரிந்திருக்காது.

எந்தக் குறியீட்டுக்கு எந்த அளவை என்ற கேள்விக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் விடை எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் எழுதிய கட்டுரை. அளவைகளை அவர் பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகித அளவை என நான்காக வகுத்தார். கட்டுமரம் 1, ஃபைபர் படகு 2, விசைப்படகு 3 என்று குறித்தால் அவ்வெண்கள் வெறும் பெயர்கள். அவற்றுக்கு முகடும் விழுக்காடும் பொருந்தும். ‘சராசரிக் கலம் 1.8’ என்பது பிதற்றல். கணினி மறுக்காமல் அதைக் கணக்கிட்டுத் தரும். 1968-இல் ஸ்டான்ஃபோர்டில் நார்மன் நை முதலியோர் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளை உருவாக்கிய பிறகு, அட்டவணை போடும் உழைப்பு குறைந்தது. சிந்திக்காமல் போடும் வாய்ப்பு கூடியது. ‘முற்றிலும் ஒப்புகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ரென்சிஸ் லிக்கர்ட் 1932-இல் தந்த ஐந்து படிகள் வரிசையளவை. அவற்றுக்குச் சராசரி எடுக்கலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இடைநிலை அளவையும் ஒவ்வொரு படியின் விழுக்காட்டையும் சேர்த்துக் கொடுப்பதே நேர்மையானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வருமானம் விகித அளவை. அதற்கு எல்லாம் பொருந்தும். தேர்வுதான் இங்கே கடினம். கடல் தொழிலில் கூலி நிலையானதன்று. டீசல் செலவு போக மீதி, படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு எனப் பிரிகிறது. கற்பனையாக ஐந்து பேரின் ஒருநாள் வரவு 200, 250, 300, 300, 3,950 ரூபாய் என்று வைப்போம். கூட்டுச் சராசரி 1,000. இடைநிலை அளவு 300. ஐவரில் நால்வர் ஆயிரத்தை எட்டவே இல்லை. ஜான் டூக்கி 1977-இல் பரப்பிய கால்மானங்களும் பெட்டி வரைபடமும் இத்தகைய சாய்ந்த பரவல்களுக்கென்றே அமைந்தவை போலப் பொருந்துகின்றன. கடலோர வருமானத்தைச் சராசரியாக மட்டும் அச்சிடும் ஆய்வேடு படகு முதலாளியின் பங்கை அனைவர் மீதும் பரப்பிக் காட்டுகிறது.

கேட்ட நாளும் முக்கியம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது ‘சென்ற வாரம் எவ்வளவு வரவு?’ என்று கேட்டால் விசைப்படகில் போகிறவர் ‘ஒண்ணுமில்லை’ என்பார். அது 0. கேள்வியே பொருந்தாதவருக்கு வேறு குறியீடு வேண்டும். சொல்ல மறுத்தவருக்கு இன்னொன்று. துளையட்டைக் காலத்திலிருந்து 8, 9, 98, 99 போன்ற எண்களை இதற்கு ஒதுக்குவது வழக்கம். விடுபட்டவை என்று மென்பொருளுக்குச் சொல்லாமல் விட்டால், மறுத்தவரின் 999 சராசரிக்குள் ரூபாயாக நுழைந்துவிடும்.

இடத்தைத் திரட்டுவதிலும் இதே ஆபத்து. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் பாலின விகிதம் 2011-இல் ஆயிரம் ஆண்களுக்கு 1,037 பெண்கள். காரைக்காலில் 1,047; மலபார்க் கரையின் மாகேயில் 1,184. வெவ்வேறு கரைகளில், வெவ்வேறு மொழிச் சூழலில் கிடக்கும் நான்கு துண்டுகளுக்குப் பொதுவான ஒரு சராசரி எந்தத் துண்டின் வாழ்வையும் சொல்வதில்லை.

திறந்த கேள்விகளே குறியீட்டாளருக்குக் கடைசிச் சோதனை. 2011-இல் தாய்மொழி எது என்ற கேள்விக்கு மக்கள் தந்த 19,569 பெயர்களைச் சீர்செய்து 1,369 தாய்மொழிகளாகவும், அவற்றை 121 மொழிகளாகவும் தொகுத்தனர். நெடுங்காலக் குறியீட்டு நூல் இருந்ததால் அது முடிந்தது. அதே காலத்துச் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் அப்படியொரு நூல் இல்லை. 1931-இல் 4,147 ஆக இருந்த சாதிப் பெயர்கள் இம்முறை 46 லட்சத்தைத் தாண்டின என்று ஒன்றிய அரசு 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. சாதித் தரவு வெளியிடப்படவில்லை. வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. அதற்குரிய பொதுக் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. காரைக்கால் கரையில் ஒரே குடும்பத்தில் ஒருவர் ‘பட்டினவர்’ என்றும் மற்றவர் ‘மீனவர்’ என்றும் சொல்லக்கூடும். அண்டைத் தமிழ்நாட்டின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலோ பர்வதராஜகுலம், பட்டினவர், செம்படவர் மூன்றையும் ‘மீனவர்’ என்ற ஒரே பதிவில் வைத்திருக்கிறது. கடல் தொழிலாளரான பட்டினவரும் ஆறு, குளங்களில் மீன்பிடித்த செம்படவரும் ஒரே எண் பெறுவார்களா, தனித்தனி எண்களா என்பதை, எண்ணுபவர் வீடு தேடி வருவதற்கு முன்பே குறியீட்டு நூல் முடிவு செய்தாக வேண்டும். அதை அச்சேற்றும் முன்பு ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் காட்டிக் கேட்பது அரசின் கடமை.