பாட்டிலும் பிஸ்டலும்: கொங்கு நாட்டில் இரண்டு தடைகளின் கதை

கோவை அவிநாசி சாலையில் ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் மொபெட்டில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் நிறுத்தி, கருவியில் ஊதச் சொல்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அவர் யாரையும் இடித்திருக்க வேண்டியதில்லை. வண்டியை ஓட்டியதே போதும்.

அதே ஆள் மொபெட்டை வீட்டில் விட்டுவிட்டு, லைசென்ஸ் வாங்கிய கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அதே அளவு குடித்துவிட்டு நடந்து வந்தால்? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இப்படி எண் போட்ட அளவு எதுவும் கிடையாது. மொபெட்டுக்கு இருக்கும் கணக்கு பிஸ்டலுக்கு இல்லை!

இத்தனைக்கும் மதுவையும் ஆயுதத்தையும் அரசு கட்டுப்படுத்திய வரலாறு கொங்கு நாட்டில் மிகப் பழையது. இரண்டும் தனித்தனியாக நடந்ததுதான் விஷயம்.

ஆயுதம் போன கதை

முதலில் கட்டுப்பட்டது ஆயுதம். பாளையக்காரர் போர்கள் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதை ஒடுக்குவதுதான் அதன் நோக்கம். கொங்கில் ஓடாநிலையில் கோட்டை கட்டி எதிர்த்து நின்ற தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். அதோடு இந்தப் பகுதியில் ஆயுதம் தாங்கிய எதிர்ப்பு ஓய்ந்தது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியது. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. ஐரோப்பியர்களுக்கு மட்டும் விலக்கு! ஆகவே ஆனைமலைத் தோட்டத்துத் துரையின் வேட்டைத் துப்பாக்கிக்கு இல்லாத கேள்வி, காட்டுப் பன்றியிடமிருந்து சோளத்தைக் காக்க நினைத்த குடியானவனின் துப்பாக்கிக்கு இருந்தது. இந்த நிறபேதம் பின்னால் விதிகளிலிருந்து நீக்கப்பட்டது. லைசென்ஸ் முறை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் 1878 சட்டத்தின் இடத்தில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. 1962 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாவட்டங்களில் கலெக்டரும், கோவை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனரும் லைசென்ஸ் தரும் அதிகாரிகள் ஆனார்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது இன்றும் நடக்கிறது. கூட்டமும் கோபமும் சேரும் நேரத்தில் துப்பாக்கி வெளியே இருக்கக் கூடாது என்பது அரசுக்கு நன்றாகவே தெரியும்.

மது போன கதை

மதுவிலக்கின் வரலாற்றில் கொங்கு நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. அப்போது காங்கிரஸில் இருந்த பெரியார் அதற்குத் தலைமை தாங்கினார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலில் நின்றார்கள். கள் இறக்கக் கூடாது என்பதற்காகத் தன் தோப்பிலிருந்த ஐந்நூறு தென்னை மரங்களைப் பெரியார் வெட்டிச் சாய்த்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

அடுத்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். 1925இல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகை அங்கிருந்து வந்தது. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்புக்கு வந்ததும் அவர் மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1937 அக்டோபர் 1 அன்று அது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். கலால் வருமானத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. இன்றைக்குக் கடையில் பொருள் வாங்கும்போது கட்டும் வரியின் தாத்தா அதுதான்!

1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுக்கப் பரவியது. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே போனது. ராஜாஜியின் 1937ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் ரத்தாகவில்லை. 'தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்' என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பொது இடத்தில் போதையில் கிடப்பவர் மீது வழக்குப் போட அதில் வழி உண்டு.

மதுவிலக்குக் காலத்தில் வெளிநாட்டவருக்கும், உடல்நலக் காரணம் காட்டியவர்களுக்கும் குடிக்க பெர்மிட் கிடைத்தது. ஆக, ஒரே ஆள் ஒரு பையில் துப்பாக்கி லைசென்ஸும் இன்னொரு பையில் மது பெர்மிட்டும் வைத்திருக்க முடிந்தது. துப்பாக்கி ஒரு சட்டம், மது இன்னொரு சட்டம். இரண்டு காகிதமும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் வேலை செய்தால் என்ன ஆகும் என்பதை எந்தச் சட்டமும் தனியாகக் கேட்கவில்லை.

கேள்வி வந்தது கல்யாணப் பந்தியிலிருந்து

அந்தக் கேள்வி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது பஞ்சாபிலிருந்து. கொங்குக் கல்யாணத்தில் அருமைக்காரர் உண்டு, மங்கல வாழ்த்து உண்டு. துப்பாக்கிக்கு அங்கே வேலை இல்லை. வட இந்தியாவின் சில பகுதிகளில் அது வேறு. கல்யாணத்துக்குத் துப்பாக்கியோடு வருவது கௌரவம், வானத்தை நோக்கிச் சுடுவது கொண்டாட்டம்.

1954 மார்ச் 12. அன்றைக்குப் 'பெப்சு' என்று அழைக்கப்பட்ட, பாட்டியாலாவும் கிழக்குப் பஞ்சாப் சமஸ்தானங்களும் சேர்ந்த மாநிலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரோடு வந்தவர்களில் ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர் இருந்தார். எல்லோரும் நன்றாகக் குடித்திருந்தார்கள். ஜமேதார் மற்றவர்களைவிட அதிகம். மதியச் சாப்பாட்டுக்குப் பெண் வீட்டுக்குப் போனார்கள். வசதியாக உட்கார இடம் வேண்டும் என்று ஜமேதார் பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஒருவனைத் தள்ளி உட்காரச் சொன்னார். பையன் நகரவில்லை. ஜமேதார் பிஸ்டலை எடுத்து வயிற்றில் சுட்டார். பையன் செத்துப் போனான்.

முன்பகை ஏதும் இல்லை. சொத்துத் தகராறு இல்லை. ஒரு பந்தி இடம், அவ்வளவுதான்! துப்பாக்கி இல்லாமல் போதை மட்டும் இருந்திருந்தால் ஒரு அறையோடு முடிந்திருக்கும். போதை இல்லாமல் துப்பாக்கி மட்டும் இருந்திருந்தால் அது வெளியே வராமலே கல்யாணம் முடிந்திருக்கலாம்.

'பாஸ்தேவ் எதிர் பெப்சு அரசு' என்ற இந்த வழக்கில் 1956 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி என். சந்திரசேகர ஐயர், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். இந்திய தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள்தான் விவாதத்துக்கு வந்தன. ஒருவருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டிருந்தால் 85ஆம் பிரிவு காப்பாற்றும். தானே குடித்தவருக்கு 86ஆம் பிரிவு. அவர் தெளிவாக இருந்திருந்தால் என்னென்ன தெரிந்திருக்குமோ அவ்வளவும் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் 'தெரிந்திருந்தது' வேறு, 'கொல்ல நினைத்தார்' வேறு. எண்ணம் இருந்ததா என்பதைப் போதையின் அளவையும் மற்றச் சூழ்நிலைகளையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். ஜமேதார் சில நேரம் தள்ளாடினார், உளறினார். ஆனால் தானாகவே நடந்து வந்தார், தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்தெடுத்தார், சுட்ட பிறகு தப்பி ஓடப் பார்த்தார், பிடிபட்டதும் மன்னிப்புக் கேட்டார். எண்ணமே உருவாக முடியாத அளவு மதி மயங்கியவர் இப்படிச் செய்ய மாட்டார். ஆகவே கொலைக் குற்றம் உறுதியானது.

சேலம் கோர்ட்டில் ஒரு போதைக் கொலை வழக்கு வந்தாலும் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவார்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதிலும் 23, 24ஆம் பிரிவுகளாக அதே விதி தொடர்கிறது.

தீர்ப்பு சரிதான். ஆனால் கேள்வி எழுந்தது பையன் செத்த பிறகு. பிஸ்டலோடு குடிக்க உட்கார்ந்த அந்த நேரத்தைப் பற்றிச் சட்டம் எதுவும் பேசவில்லை.

டெல்லியில் 1999

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து நடந்ததை நாடே அறியும். 1999 ஏப்ரல் 29 இரவு டெல்லி மெஹ்ரோலியில் டாமரிண்ட் கோர்ட் உணவகத்தில் விருந்து. நள்ளிரவுக்கு மேல் மனு சர்மா என்ற அரசியல்வாதி மகன் மது கேட்டார். அங்கே மது பரிமாற உதவிய மாடல் ஜெசிகா லால், முடிந்துவிட்டது என்றார். பிஸ்டல் வெளியே வந்தது. முதல் குண்டு கூரையில், இரண்டாவது ஜெசிகாவின் தலையில். அந்த இடத்துக்கு மது விற்க லைசென்ஸ் இல்லை. சுட்டவரிடம் பிஸ்டலுக்கு லைசென்ஸ் இருந்தது!

2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. நாடு கொதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தாண்டு கழித்து, 2020இல், முன்கூட்டியே விடுதலையும் ஆனார். சாட்சிகள் பிறழ்ந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். மது ஊற்றும் மேஜைக்கு முன்னால் ஒருவர் பிஸ்டலோடு நிற்க முடிந்தது எப்படி என்பதை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

மேற்கே என்ன செய்தார்கள்?

துப்பாக்கி சர்வ சாதாரணமான அமெரிக்கா இந்த ஆபத்தை முன்பே பார்த்தது. 1813இலேயே கென்டக்கியும் லூசியானாவும் ஆயுதத்தை மறைத்துக் கொண்டு போவதைத் தடை செய்தன. கௌபாய் படங்களில் வரும் டூம்ஸ்டோன் ஊரில் 1881இல் நடந்த பிரபலமான சண்டைகூட இதில்தான் தொடங்கியது. ஊருக்குள் ஆயுதம் கூடாது என்பது அங்கே விதி. ஐக் கிளான்டன் என்பவர் ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டுக் காலையில் துப்பாக்கியோடு திரிந்தார். பிடித்து 25 டாலர் அபராதம் போட்டார்கள். அன்று மதியமே சண்டை, மூன்று பேர் சாவு. போதையில் ஆயுதம் தாங்குவதையே குற்றமாக்கிய மிசௌரி மாநிலச் சட்டம் செல்லும் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1886இல் சொன்னது. சுட்டாரா என்று அங்கே பார்க்கவில்லை. குடித்தவர் கையில் துப்பாக்கி இருந்ததா என்று மட்டும் பார்த்தார்கள்.

இந்தியாவில் இன்று

2016இல் புதிய ஆயுத விதிகள் வந்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள் முழுக்க மூடியிருக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. கென்டக்கி தடுத்ததை இந்தியா கட்டாயமாக்குகிறது! துப்பாக்கியைக் காட்டி மிரட்டக் கூடாது என்பதால் வந்த நல்ல விதிதான். ஆனால் பக்கத்து மேஜையில் குடிப்பவரிடம் அது இருக்கிறதா என்பது பரிமாறுபவருக்குத் தெரியாது.

லைசென்ஸ் கேட்பவர் மருத்துவச் சான்றும் தர வேண்டும். போதைப் பொருளுக்கு அடிமையானவர் அல்ல என்று அதில் குறிப்பிட வேண்டும். அடிமையா என்று கேட்கிறார்கள். இன்றைக்கு ராத்திரி குடித்திருக்கிறாரா என்பது அந்தத் தாளில் வராது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கல்யாணங்களிலும் விழாக்களிலும் பிறர் உயிருக்கு ஆபத்தாகச் சுடுவதற்கு இரண்டு ஆண்டு சிறை அல்லது ஒரு லட்சம் அபராதம் அல்லது இரண்டும் என்றது. உயிர் போகும்வரை காத்திருக்கவில்லை என்ற அளவில் அது முன்னேற்றம். ஆனாலும் துப்பாக்கி வெடித்த பிறகுதான் இந்தப் பிரிவும் வருகிறது.

கொங்கு நாட்டின் வரலாறு இதில் சொல்வது ஒன்று உண்டு. ஈரோட்டிலும் சேலத்திலும் மதுவைத் தடுக்கப் பெரிய மனிதர்கள் பாடுபட்டார்கள். ஆயுதத்தை வெள்ளைக்காரன் பறித்தான், சுதந்திர அரசு லைசென்ஸுக்குள் அடக்கியது. மதுவிலக்கு இன்று இல்லை, டாஸ்மாக் கடை இருக்கிறது. துப்பாக்கி லைசென்ஸும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை முழுக்க ஒழிப்பது நடக்காத காரியம் என்றால், இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் சேராமல் பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் வழி. அதற்கு இன்னொரு மதுவிலக்கு தேவையில்லை. குடிக்கும்போது துப்பாக்கி கூடாது, மீறினால் லைசென்ஸ் ரத்து என்று ஒரு வரி சட்டத்தில் ஏறினால் போதும். 1954இல் அந்த ஜமேதார் பந்திக்குப் போகும் முன் பிஸ்டலை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தால், உட்கார இடம் தராத அந்தப் பையன் சாப்பிட்டு முடித்து வீட்டுக்குப் போயிருப்பான்.