மெழுகில் பிறந்த வாதம்

பலகைகளைக் காணவில்லை. வாங்கி வைத்துக்கொண்ட துறவி வைத்த இடத்தில் தேடினார், இல்லை. மடத்தில் மற்றவர்களைக் கேட்டால், ஒருவர் பாக்கியில்லாமல் கைவிரித்தார்கள். பிரான்சின் வடக்கே நார்மண்டியில், பெக் என்ற ஓடையை ஒட்டிய பெனடிக்டைன் மடத்தில் 1077–78 வாக்கில் நடந்தது இது. பலகையில் எழுதியிருந்தவர் அந்த மடத்தின் துணை மடாதிபதி ஆன்செல்ம். எழுதியிருந்தது, கடவுள் இருக்கிறார் என்பதற்கு ஒரு வாதம். அன்று தொலைந்தது தொலைந்ததுதான், யார் எடுத்தார்கள் என்பது கடைசிவரை தெரியவரவில்லை.

அந்தக் காலத்துத் துறவிக்கு மெழுகுப் பலகைதான் வரைவு நோட்டு. மரப்பலகையை நடுவில் கொஞ்சம் குடைந்து, பள்ளத்தில் மெழுகை ஊற்றி ஆறவிடுவார்கள். எழுதுகோலுக்கு ஒரு முனை கூர், மறுமுனை தட்டை. கூர்முனையால் கீறி எழுதலாம், பிடிக்கவில்லை என்றால் தட்டைமுனையால் தேய்த்து அழிக்கலாம். நம் பள்ளிக்கூடச் சிலேட்டுக்குத் தூரத்துப் பாட்டனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுத்தோலில் செய்த எழுதுதாள் விலை கூடியது. யோசனை முற்றிய பிறகுதான் அதில் கைவைப்பார்கள்.

ஆன்செல்மின் யோசனை முற்றச் சுலபத்தில் மாட்டேன் என்றது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து அவொஸ்தாவில் 1033இல் பிறந்தவர். அப்பாவோடு ஒத்துப்போகாமல் வீட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராகச் சுற்றி, லான்ஃபிராங்க் என்ற பேராசான் பெக் மடத்தில் பாடம் சொல்கிறார் என்று கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார். 1060இல் துறவியானார். மூன்றே வருடத்தில் துணை மடாதிபதி.

மடத்து மாணவர்கள் அவரிடம் விசித்திரமான ஒன்றைக் கேட்டார்கள். கடவுளைப் பற்றிப் பேசுங்கள், ஆனால் வேதத்தில் இப்படி இருக்கிறது என்று மேற்கோள் காட்டாமல், வெறும் அறிவை மட்டும் வைத்துப் பேசுங்கள். அப்படிப் பிறந்ததுதான் 1076இல் எழுதிய 'மொனொலோகியன்'. அதைப் படித்த லான்ஃபிராங்குக்குத் திருப்தியில்லை. பெரியவர்களின் வாக்கு ஒன்றையும் சான்றாகக் காட்டவில்லையே என்பது அவர் குறை. ஆன்செல்முக்கும் அந்த நூலில் மனக்குறை உண்டு, ஆனால் அது வேறு. ஒரு வாதத்தின் மேல் இன்னொன்று, அதன் மேல் வேறொன்று என்று சங்கிலி நீண்டுகொண்டே போகிறது. ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு. தன்னைத் தவிர வேறொன்றின் தயவு வேண்டாத, தனியாக நிற்கிற ஒரே ஒரு வாதம் கிடைக்காதா?

இந்த எண்ணம் பிடித்த பிறகு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. அதைவிடத் தொல்லை, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. கடவுளை நிரூபிக்கிற நினைப்பு கடவுளைக் கும்பிட விடாமல் குறுக்கே வந்து நிற்கிறது. இது பிசாசின் வேலையோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். விட்டுத்தொலைப்போம் என்று முடிவு கட்டினால், விரட்டிய நாய்போல் அது திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் ஒருநாள் நள்ளிரவு வழிபாட்டின்போது, எல்லோரும் சங்கீதம் பாடிக்கொண்டிருக்க, சட்டென்று விளங்கியது. உள்ளமெல்லாம் மகிழ்ச்சி பொங்கியதாக அவர் வரலாற்றை எழுதிய எட்மர் சொல்கிறார்.

உடனே மெழுகில் கீறினார். அந்தப் பலகைகள்தான் தொலைந்தவை. மறுபடி வேறு பலகையில் எழுதி, இந்தமுறை இன்னும் கவனமாக வைத்திருக்கச் சொல்லி அதே துறவியிடம் கொடுத்தார். அவர் தன் படுக்கையில் மறைவான இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால் பலகை கட்டிலுக்கு முன்னால் தரையில் உடைந்து கிடக்கிறது, மெழுகு துண்டு துண்டாகச் சிதறியிருக்கிறது. பொறுக்கியெடுத்து ஆன்செல்மிடம் கொண்டுபோனார்கள். அவர் உட்கார்ந்து துண்டோடு துண்டைப் பொருத்தி, பாடுபட்டு எழுத்தை மீட்டார். இனி மெழுகை நம்பிப் பயனில்லை என்று, கடவுளின் பெயரால் தோலில் எழுதிவைக்கச் சொன்னார்.

அப்படி என்னதான் இருந்தது அதில்?

குடத்தைப் பார்த்துக் குயவன் ஒருவன் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர்க்க மரபினரான நையாயிகர்கள் சொல்லும் வழி. உலகத்தைக் காட்டி அதற்குக் காரணமானவரைக் காட்டுவது. ஆன்செல்முக்குக் குடம் வேண்டாம், உலகமே வேண்டாம். விவிலியத்தின் சங்கீதத்தில் கடவுள் இல்லை என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் ஒருவன் வருகிறான். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு அவனை மதிகேடன் என்கிறது. அந்த மதிகேடனையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். கடவுள் என்றால் எதைவிடப் பெரியதை நினைக்கவே முடியாதோ, அது. இந்தச் சொற்கள் உனக்குப் புரிகின்றனவா? புரிகின்றன. அப்படியானால் அது உன் மனத்தில் இருக்கிறது. ஓவியர் வரையப்போகும் படம் முதலில் அவர் மனத்தில் மட்டும் இருக்கிறது, வரைந்த பிறகு மனத்திலும் இருக்கிறது, வெளியிலும் இருக்கிறது. வெளியிலும் இருப்பது மனத்தில் மட்டும் இருப்பதைவிடப் பெரியது. அப்படியிருக்க, நீ சொல்கிற அந்த ஒன்று மனத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதைவிடப் பெரியதை நினைத்துவிடலாமே. எதைவிடப் பெரியதை நினைக்க முடியாதோ, அதைவிடப் பெரியதை நினைத்தாயிற்று! இது முரண். ஆகவே அது வெளியிலும் இருந்தே தீரவேண்டும்.

முதன்முறை படித்தபோது, கண்ணெதிரில் பையிலிருந்து காசை எடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பையைத் தடவிப் பார்த்தேன், எந்த இடத்தில் கை உள்ளே போனது என்று தெரியவில்லை. இன்னொரு வேடிக்கை, இந்த வாதம் வரும் 'புரோஸ்லோகியன்' முக்கால்வாசி ஜெபம். இருக்கிறாரா என்று நிரூபிக்க வேண்டியவரையே முன்னால் நிறுத்தி, நீர், உம்மை என்று பேசிக்கொண்டே நிரூபிக்கிறார். நூலுக்கு அவர் முதலில் வைத்த பெயர் 'புரிதலைத் தேடும் நம்பிக்கை'. தேடுவது நம்பிக்கைதான், சந்தேகம் அல்ல.

தூர் நகரத்தின் அருகே மார்மூத்தியே மடத்தில் கௌனிலோ என்றொரு துறவி. நூல் அவர் கைக்குப் போயிற்று. அவரும் கடவுளை நம்புகிறவர்தான். ஆனாலும் மதிகேடனுக்கு வக்காலத்து வாங்கி ஒரு சிறு மறுப்பை எழுதினார். கடலில் எங்கோ தொலைந்துபோன தீவு ஒன்று, எல்லாத் தீவுகளையும்விட வளமானது என்று ஒருவர் சொல்கிறார். சொன்னது எனக்குப் புரிகிறது. உடனே அவர், வெளியில் இருப்பதே மேல் என்பதால் அந்தத் தீவு எங்கோ நிஜமாக இருந்தாக வேண்டும் என்கிறார். அவர் விளையாடுகிறாரா, அல்லது நம்பினால் நான் மடையனா, அவர் மடையனா என்று கேட்கிறார் கௌனிலோ.

நண்பர் ஒருவர் மூலம் இந்த மறுப்பு ஆன்செல்மிடம் வந்தது. மனிதர் கோபப்படவில்லை. மகிழ்ந்தார், நன்றி சொன்னார், பதில் எழுதினார். தன் வாதம் தீவுக்குப் பொருந்துமென்று யாராவது காட்டினால் அந்தத் தீவையே கண்டுபிடித்து, இனித் தொலையாதபடி கையில் கொடுத்துவிடுகிறேன் என்று அதில் ஒரு குறும்பும் உண்டு. இனி நூலைப் பிரதியெடுக்கிறவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எனக்கு வாதத்தைவிட இந்த ஏற்பாட்டின்மேல்தான் மரியாதை. தன் நூலோடு தன் எதிரியையும் கட்டிப்போட்டு அனுப்பினவர் எத்தனை பேர்? இருந்தாலும் தீவுக்கு அவர் சொன்ன பதில் போதவில்லை என்பது என் கட்சி. தீவுக்குச் செல்லாதது கடவுளுக்கு மட்டும் ஏன் செல்லும் என்பதை இன்னும் விரித்திருக்க வேண்டும்.

பிற்பாடு வந்த மெய்யியலாளர்களில் தாமஸ் அக்குவினாஸ் ஆன்செல்மின் வாதத்தை ஏற்கவில்லை. டெகார்ட் 1641இல் வேறு உருவத்தில் திரும்பக் கொண்டுவந்தார். இருப்பியல் வாதம் என்று இன்று நாம் சொல்லும் பெயரை இதற்குக் கொடுத்தவர் காண்ட்; 1781இல் பெயரும் வைத்தார், கொள்ளியும் வைத்தார். மனத்தில் நினைத்த நூறு வெள்ளிக்காசுக்கும் கையிலுள்ள நூறு வெள்ளிக்காசுக்கும் எண்ணிக்கையில் ஒரு காசுகூட வித்தியாசமில்லை. இருப்பது என்பது ஒரு பொருளின் குணங்களில் ஒன்றல்ல, ஆகவே அதைச் சேர்த்துப் பொருளைப் பெரிதாக்க முடியாது என்றார். செத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1894இல் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்த பெர்ட்ரண்ட் ரஸல், புகையிலை டப்பா வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், இந்த வாதம் சரிதான் என்று திடீரெனத் தோன்றி டப்பாவை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்தார். பிறகு மனம் மாறினார். தப்பு என்று உணர்வது சுலபம், எங்கே தப்பு என்று சொல்வதுதான் கஷ்டம் என்று ஒப்புக்கொண்டார். கணித மேதை கூர்ட் கோடல் தன் பங்குக்குக் குறியீடுகளால் ஒரு வடிவம் எழுதி, 1970இல் தர்க்கவியலாளர் டானா ஸ்காட்டிடம் காட்டினார். அச்சில் போடவில்லை, போட்டால் கடவுளை நம்புகிறவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற தயக்கம்.

மெழுகுப் பலகை உடைந்த சங்கதி நமக்கு வந்து சேர்ந்ததும் ஒரு கள்ளத்தனத்தால்தான். ஆன்செல்ம் 1093இல் இங்கிலாந்தின் கேன்டர்பரிக்குப் பேராயராகப் போனார். கூடவே இருந்த எட்மர், அவருக்குத் தெரியாமல் அவர் வரலாற்றைக் குறித்துக்கொண்டு வந்தார். ஒருநாள் விஷயம் வெளியில் வந்தது. ஆன்செல்ம் முதலில் சில இடங்களைத் திருத்திக் கொடுத்தார். சில நாள் கழித்துக் கூப்பிட்டு, தன்னைப் பற்றி எழுதிவைக்கத் தனக்குத் தகுதியில்லை, எல்லா ஏடுகளையும் அழித்துவிடு என்று கட்டளையிட்டார். துறவிக்குப் பேராயர் சொல் தட்டக்கூடாத சொல். எட்மர் அந்த ஏடுகளை அழித்தார். அழிப்பதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் வேறு ஏட்டில் பிரதி எடுத்துக்கொண்டார். அதையும் மறைக்காமல் நூலிலேயே எழுதிவைத்து, கீழ்ப்படியாத இந்தப் பாவத்துக்காகத் தனக்கு ஜெபிக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.