மண்ணிற் கிடந்த காசும் மதியாத் தகரமும்

மாரி மழை ஓய்ந்த மறுநாட் காலையில், சுன்னாகத்தை அடுத்த கந்தரோடைத் தோட்டக்காணிகளின் வரம்புகளிலே நடப்பவருக்கு மண் தன் உள்ளிருப்பிற் சிறிது காட்டும். நீர் அரித்த இடத்தில் உடைந்த ஓட்டுத்துண்டு கிடக்கும், பாசிமணி கிடக்கும், பச்சைக் களிம்பேறிய செப்புத் துணுக்கு ஒன்றும் ஒருகாற் கிடக்கும். அத்துணுக்கு ஈராயிரம் ஆண்டு கண்ட நாணயமா, சென்ற வருடம் உடைந்த குத்துவிளக்கின் ஒட்டா என்பதைக் கண்டவுடன் சொல்லிவிட யாராலும் இயலாது. கறளும் களிம்பும் மூடிய பின் காசும் கழிவும் ஒரே கோலங் கொள்கின்றன. இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் கல்வி எப்படி வளர்ந்தது, யாழ்ப்பாணத்துக்கு அது எதனைத் தந்தது, எதனைத் தாராமற் போயிற்று என்பது கேட்கத்தக்க வரலாறு.

கந்தரோடையின் பழமையை ஆராய்ந்து முதன்முதல் உலகுக்கு எடுத்துரைத்தவர் கலாநிதி போல் பீரிஸ். இலங்கைச் சிவில் சேவையில் இருந்தவர். போர்த்துக்கேயர் காலச் சரித்திரத்தை எழுதிப் பெயர் பெற்றவர். வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917ஆம் ஆண்டிலும் 1919ஆம் ஆண்டிலும் அவர் எழுதிய கட்டுரைகள் யாழ்ப்பாணச் சரித்திரத்தின் எல்லையைப் பன்னூறாண்டு பின்னே தள்ளின. அக்காலத்தில் சுன்னாகத்திலே குமாரசுவாமிப் புலவர் ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரே ஊர்ப்புறத்தில் ஒருவர் ஏட்டைப் படிக்க, மற்றொருவர் மண்ணைப் படித்தார் என்று எண்ணுவது இன்பந் தருவது.

பீரிஸ் கண்டவற்றுள் முத்திரை குத்திய வெள்ளி நாணயங்கள் இருந்தன. அவற்றில் அரசன் பெயர் இல்லை, எழுத்தும் இல்லை. வெள்ளித் தகட்டை வெட்டி, நிறை சரிபார்த்து, சூரியன், மரம், விலங்கு முதலிய அடையாளங்களை ஒவ்வொன்றாகக் குத்திவிட்டவை அவை. வட்டமாயும் இருக்கும், சதுரமாயும் இருக்கும். மூலை வெட்டுண்டும் இருக்கும். அறியாதவன் தட்டார் பட்டறையிற் சிதறிய துண்டென்றே கொள்வான். இலக்குமி உருவம் பொறித்த நீள்சதுரச் செப்புத் தகடுகளும் இருந்தன. தாமரைமேல் நிற்கும் திருமகளை இருபுறமும் யானைகள் நீராட்டும் காட்சியுடையவை அவை. அயலூரிலிருந்து வந்த உரோம நாணயங்களும் கிடைத்தன. உரோமம் என்றவுடன் பொற்காசை நினைப்பவர் ஏமாறுவர். இலங்கை மண்ணில் மிகுதியாகக் கிடைப்பவை கி. பி. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய சின்னஞ்சிறு செப்புக் காசுகள். நிறை ஒன்றிரண்டு கிராம். அளவு சட்டைப் பொத்தானளவு. முகப்பு தேய்ந்து மழுங்கியது. சந்தையிலே மீதிச் சில்லறையாக நீட்டினாலும் வாங்குவாரில்லாத தோற்றம்!

இவற்றோடு ஆணிபோலும் கம்பிபோலும் சில செப்புக் கோல்கள் கிடைத்தன. பழைய இரும்பு விற்பவன் நிறுத்து வாங்கிப் போயிருக்கக்கூடிய பொருள்கள். பீரிஸ் அவற்றை எறிந்துவிடவில்லை. பண்டை எகிப்தியர் கண்ணுக்கு மைதீட்டப் பயன்படுத்திய கோல்களோடு ஒப்பிட்டு, இவையும் மைக்கோல்களே என்று கண்டார். காசைக் காசென்று அறிவது ஓரளவு கற்றவர்க்கும் கூடும். கழிவாகத் தோன்றியதைக் கழிவன்று என்று நிறுத்திப் பார்க்கும் நிதானமே அரிது.

இன்று இவ்வேலைக்குக் கருவி வந்துவிட்டது. உலோகங்காட்டி என்று அதனை அழைக்கிறோம். வட்டமான கம்பிச்சுருள் ஒன்றில் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி நிலத்தின்மேல் வீசிச் செல்ல, கீழேயுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டம் பிறக்கிறது. அது மீண்டும் சுருளைத் தாக்க, காதிற் பொருத்திய கருவி ஒலிக்கிறது. இதன் ஆதி முயற்சிகளுள் ஒன்றே கழிவுலோகத்தால் குழம்பியது. 1881ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்க சனாதிபதி கார்பீல்ட் சுடப்பட்டார். உடலுட் புதைந்த குண்டைத் தேட, தொலைபேசி கண்ட கிரகாம் பெல் தாம் அமைத்த கருவியோடு சென்றார். படுக்கையின் எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பின. வைத்தியரோ குண்டு வலப்புறத்தே உள்ளதென்று உறுதிகொண்டு அப்புறத்தையே தேட விட்டார். குண்டு இடப்புறத்தே கிடந்தது. செப்டெம்பர் மாதத்தில் சனாதிபதி இறந்தார்.

மேல்நாடுகளிலே பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் இக்கருவியோடு உலாவுவது பலருக்குப் பொழுதுபோக்கு. முதல் நாளில் அவர்கள் தோண்டி எடுப்பவை சோடாப் போத்தல் மூடி, பேணியின் இழுவளையம், சிகரெற் பெட்டியின் வெள்ளித்தாள், ஆணி ஆகியவையே. நாட்பட நாட்பட காது பழகுகிறது. தட்டையாய் வட்டமாய்க் கிடக்கும் காசு எப்புறமிருந்து வீசினும் ஒரே இடத்தில், ஒரே குரலில், கத்தரித்தாற்போல ஒலிக்கும். வளைந்த ஆணி ஒருபுறம் ஒலித்து மறுபுறம் திக்கும். வெள்ளியும் செம்பும் மின்னை நன்கு கடத்துவன ஆதலின் அவற்றின் குரல் வேறு. இரும்பின் குரல் வேறு. ஆயினும் இழுவளையமும் பொன்மோதிரமும் ஏறக்குறைய ஒரே குரலிற் பேசும். செங்குத்தாய் நிற்கும் காசு வாய்திறவாமலே இருந்துவிடும். கழிவை ஒலிக்காதபடி கருவியை அடக்கி வைப்பவர் கழிவோடு சேர்த்து நல்லதையும் இழப்பர். கந்தரோடை உரோமக் காசு போன்ற தேய்ந்த சிறு செம்பு அக்கருவிக்கு வெள்ளித்தாட் கிழிசலாகவே கேட்கக்கூடும். மைக்கோலை அது ஆணியென்று தள்ளினும் வியப்பில்லை. அன்றியும் சுன்னாகச் சுற்றுப்புறத்துச் செம்பாட்டு மண்ணின் செந்நிறமே இரும்பின் நிறம். இத்தகைய மண்ணில் நிலமே முணுமுணுக்கும்.

ஒலியை அறிவது பாதிக் கல்வி. கிடந்த இடத்தை அறிவது மற்றப் பாதி. உண்மையில் பெரும் பாதி. 'சேது' என்னும் தமிழ்ச்சொல் பொறித்த செப்புக் காசுகளை எடுத்துக்கொள்ளலாம். ஒருபுறம் நின்ற மனித உருவம். மறுபுறம் எருதும் பிறையும், கீழே அவ்வெழுத்தும். சேது என்றமையால் இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகள் வெளியிட்டவை என்று முன்னர்ச் சிலர் கொண்டனர். கொட்றிங்டன், நல்லூர் ஞானப்பிரகாச சுவாமிகள் முதலியோர் ஆராய்ந்து, இவை யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் நாணயங்கள் என்று நிறுவினர். அம்முடிவுக்குத் துணைநின்ற சான்றுகளுள் ஒன்று, இக்காசுகள் யாழ்ப்பாணத்து மண்ணிலே ஏராளமாகக் கிடைத்தமை. கண்டெடுத்தவர்கள் கிடைத்த ஊரைச் சொல்லாது விற்றிருப்பின், 1619இல் போர்த்துக்கேயரிடம் முடியிழந்த ஓர் அரசின் நாணயச்சாலை இன்றும் பிறர் கணக்கிலே இருந்திருக்கும்.

ஆனைக்கோட்டையில் நிகழ்ந்தது இதனினும் தெளிவானது. 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அங்குள்ள பெருங்கற்கால ஈமப்புதைகுழி ஒன்றை அகழ்ந்தபோது, எலும்புக்கூட்டினருகே சிறிய வெண்கல முத்திரை ஒன்று வெளிப்பட்டது. மேலே குறியீடுகள்; கீழே பிராமி எழுத்துகள். பேராசிரியர் இந்திரபாலா அதனைக் 'கோவேத' என வாசித்தார். வாசிப்பில் அறிஞரிடையே வேறுபாடு உண்டு. ஆனால் அது இறந்தவனோடு வைக்கப்பட்டது, அக்காலத்து மட்கலங்களோடு கிடந்தது என்பவற்றில் ஐயமில்லை. கருவியின் ஒலிகேட்டு ஒருவன் இரவிற் குழிபறித்து அதனை எடுத்திருந்தால், எஞ்சுவது விலை பேசத்தக்க வெண்கலத் துண்டு மாத்திரமே.

இதனாலேயே தொல்பொருளாய்வாளர் ஆணியையும் எறிவதில்லை. 1970ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழுவினர் கந்தரோடையில் அகழ்ந்தபோது தேடியது புதையலை அன்று, மண்ணடுக்கின் வரிசையை. எந்த அடுக்கில் எது கிடந்தது என்னும் கணக்கே அவர்களுக்குச் செல்வம். நாட்டுச் சட்டமும் இவ்வழிப்பட்டதே. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டத்தின்படி, உத்தரவுச்சீட்டின்றித் தொல்பொருள் தேடி அகழ்தல் குற்றம். இங்கிலாந்திலோ 1997ஆம் ஆண்டு முதல் கருவிக்காரர்கள் தாம் கண்டவற்றையும் கண்ட இடத்தையும் பதிவுசெய்ய ஒரு திட்டம் நடைபெறுகிறது. அவ்வழி அங்கே நற்பயன் தந்துள்ளது. இரவிற் புதையல் தோண்டும் பேராசை குறையாத இந்நாட்டுக்கு அதனை அப்படியே கொணர்வது உசிதமாகாது.

குடாநாட்டார் இக்கருவியின் ஒலியை முதலிற் கேட்டது நாணயத்துக்காக அன்று. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும், கண்ணிவெடி அகற்றுவோர் காணிகளில் முழந்தாளிட்டு அதனை வீசினர். அவர்களுக்குக் கழிவு என்று தள்ளத்தக்க ஒலி எதுவுமில்லை. நெகிழியாலான கண்ணிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். அதன் குரல் ஆணித்தலையின் குரலை ஒக்கும். ஆதலின் ஒவ்வோர் ஒலிக்கும் அவர்கள் பக்கவாட்டில் மண்ணை மெல்லச் சுரண்டி, கண்ணாற் கண்ட பின்னரே அடுத்த அடியை வைத்தனர். பேணித் தகரம், தோட்டாக் கூடு, கம்பித் துண்டு, ஆணி என்று நாள் முழுதும் வாளியை நிரப்பியவை எல்லாம் கழிவே. அவ்வாறு கழிவைப் பொறுமையோடு கிளறிய நிலங்களில் மறுபோகத்தில் மரவள்ளியும் வெங்காயமும் நடப்பட்டன.

தோட்டங் கொத்துகையில் இன்றும் காசு அகப்படுவதுண்டு. கூந்தற்பனை பொறித்த 1870ஆம் ஆண்டுச் சதமாயிருக்கலாம்; அதனை நமது பனையென்று எண்ணுபவரை யாரும் குறைகூறார். ஒல்லாந்தர் கும்பனியின் எழுத்துப் பின்னிய செப்புத் துட்டாயிருக்கலாம். எருதும் பிறையும் உள்ள சேதுக்காசாகவும் இருக்கலாம். புளியிட்டுத் துலக்கினால் களிம்போடு எழுத்தும் போய்விடும். துலக்காமல், எந்தக் காணியில் எத்தனை முழ ஆழத்தில் எவற்றோடு கிடந்தது என்று ஒரு கடுதாசியில் எழுதி, காசோடு சேர்த்துத் தொல்பொருட் திணைக்களத்தாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பக்கத்திற் கிடந்த வளைந்த கம்பியையும் அதே பொட்டலத்தில் வைத்துக் கட்டுதல் நன்று.